யூரிக் அமிலம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைத் தாளில் "யூரிக் ஆசிட்" என்ற வரிக்கு நேரே தடித்த எழுத்தில் ஓர் எண்ணைப் பார்த்ததும் பருப்பையும் கீரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கால் பெருவிரல் வீங்கி நடக்கவே முடியாமல் தவித்துவிட்டு, வலி போன மறுநாளே மாத்திரையைத் தூக்கி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: இந்தப் பொருள் உடலில் எப்படி உண்டாகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று யாரும் சொல்லித் தராதது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறோம். மருந்தளவுகள் விஷயம் புரிவதற்காக மட்டுமே. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

யூரிக் ஆசிட்னா என்ன? அது எங்கிருந்து வருது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் பியூரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. அடினைன், குவானைன் இரண்டும் அவற்றில் முக்கியமானவை. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இவற்றின் எழுத்துகளாகவும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் பாகமாகவும் இருப்பவை இவைதான். பழைய செல்கள் அழிந்து புதியவை உண்டாகும்போது பியூரின்கள் விடுபடுகின்றன. அவற்றில் பெரும்பகுதியை உடல் வீணாக்குவதில்லை. பிடித்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது.

மிஞ்சியது ஹைப்போசாந்தின் ஆகிறது. அதைச் சாந்தின் ஆகவும், சாந்தினை யூரிக் அமிலமாகவும் மாற்றுவது ஒரே நொதி: சாந்தின் ஆக்ஸிடேஸ். இது கல்லீரலிலும் குடலிலும் அதிகம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் பற்றிய கேள்வியில் மறுபடி வரும். மனித உடலில் பியூரின் பயணம் யூரிக் அமிலத்தோடு முடிந்துவிடுகிறது. ரத்தத்தில் அது பெரும்பாலும் சோடியம் யூரேட் வடிவில் கரைந்திருக்கும். ஸ்வீடனின் வேதியியலாளர் ஷீலே 1776-இல் இதை முதலில் கண்டெடுத்தது சிறுநீர்க் கல்லிலிருந்துதான்.

யூரியாவும் யூரிக் ஆசிட்டும் ஒண்ணுதானே?

இல்லை. புரதத்திலுள்ள அமினோ அமிலங்கள் சிதையும்போது வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. யூரிக் அமிலம் பியூரினிலிருந்து வருவது. ஒரு நாளில் வெளியேறும் யூரியா 20 முதல் 30 கிராம். யூரிக் அமிலமோ ஒரு கிராம்கூட இல்லை. யூரியா தண்ணீரில் சர்க்கரை போலக் கரையும். யூரிக் அமிலம் மிகச் சிரமப்பட்டுத்தான் கரையும். எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுச் சுவரில் பல்லி எச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் துண்டின் நுனியில் இருக்கும் வெள்ளைதான் யூரிக் அமிலம். பறவைகளும் ஊர்வனவும் தண்ணீரை மிச்சப்படுத்த நைட்ரஜன் கழிவை இந்தக் கரையாத வடிவிலேயே தள்ளிவிடுகின்றன.

யூரிக் அமிலம் கூடியிருந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் கூடும் என்பது உண்மை. அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆடு மாடுக்கெல்லாம் வராத பிரச்சினை மனுஷனுக்கு மட்டும் ஏன்?

பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற இன்னொரு நொதி இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற, நன்றாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும். மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதைகளிடம், ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த மரபணு செயலிழந்துபோனது. மரபணுவின் உடைந்த மிச்சம் இன்றும் நம் செல்களில் கிடக்கிறது. ஆகவே மற்ற பாலூட்டிகளின் ரத்தத்தில் ஒன்று, இரண்டு மில்லிகிராம் என்றிருக்கும் அளவு நமக்கு 3 முதல் 7 வரை இருக்கிறது.

இழப்பில் ஒரு பயனும் உண்டு. யூரிக் அமிலம் ஒரு நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான். ரத்தத் திரவத்தின் அந்தத் திறனில் பாதிக்கு மேல் இதனுடையது. ஆகவே இதை வெறும் கழிவு என்று ஒதுக்குவது சரியல்ல.

டால்மேஷியன் நாயின் கதை இங்கே பாடமாக அமையும். அதற்கு யூரிகேஸ் இருக்கிறது. ஆனால் யூரிக் அமிலத்தைச் செல்லுக்குள் ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதம் பழுது. நொதி கல்லீரலில் சும்மா கிடக்க, நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கல் வருகிறது. உற்பத்தியைப் போலவே போக்குவரத்தும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கறி மீனை நான் தொடறதே இல்லை. எனக்கு எப்படி ஏறுச்சு?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடல் தானே தயாரிப்பது. உணவின் பங்கு மூன்றில் ஒன்று. சுத்த சைவருக்கும் செல்கள் அழிந்து பிறந்துகொண்டுதான் இருக்கும்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் ஒருவரின் உடலில் எந்நேரமும் ஏறத்தாழ 1.2 கிராம் யூரிக் அமிலம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் தினமும் வெளியேறிப் புதிதாக நிரம்பும். போக்கு வழிகள் இரண்டு: மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம், மீதி குடல். அளவு கூடியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வரத்து அதிகமில்லை, மடைதான் குறுகியிருக்கிறது. சிறுநீரகம் வடிகட்டிய யூரிக் அமிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறுபடி ரத்தத்துக்கே இழுத்துக்கொள்கிறது. இழுப்பவை யூராட்-1, குளூட்-9 என்ற கடத்திப் புரதங்கள். குடலிலும் சிறுநீரகத்திலும் வெளியே தள்ளுவது ஏ.பி.சி.ஜி-2. இவற்றின் மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகள் ஒரு குடும்பத்திலேயே தலைமுறை தலைமுறையாக வரும்.

அத்துடன் தொப்பை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாகச் சுற்றும். அது சிறுநீரகத்தை இன்னும் அதிகமாக யூரிக் அமிலத்தைத் திரும்ப இழுக்க வைக்கும். கறி சாப்பிடாமல் ஏறிய பலருக்குக் காரணம் இதுவாக இருக்கிறது.

ரிப்போர்ட்ல 7.1 இருக்கு, லேப் நார்மல்னு போட்டிருக்கு. நார்மல்தானா?

ஆய்வகங்கள் பொதுவாக ஆண்களுக்கு 3.5 முதல் 7.2, பெண்களுக்கு 2.6 முதல் 6.0 மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு) என்று போடுகின்றன. இது மக்களில் பெரும்பாலோருக்கு எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. வேதியியல் சொல்லும் எல்லை வேறு: 37 டிகிரி செல்சியஸில் சோடியம் யூரேட் கரைந்திருக்கக்கூடிய உச்சம் 6.8. அதற்கு மேல் போனால் படிகமாக வாய்ப்பு உண்டு. கட்டாயம் ஆகும் என்றில்லை.

சில நாடுகளின் அறிக்கைகளில் 420, 360 என்று எண் வரும். பதறவேண்டாம், அது மைக்ரோமோல் கணக்கு. 59.5-ஆல் வகுத்தால் நம் கணக்கு வந்துவிடும்: 360 என்றால் 6, 420 என்றால் 7.

டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமா?

தேவையில்லை. ஆனால் முந்தைய இரவு மது, அன்று காலை கடும் உடற்பயிற்சி, நாள் முழுக்கப் பட்டினி இவை மூன்றும் எண்ணைத் தற்காலிகமாக ஏற்றும். ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு நீண்ட நாள் மருந்தைத் தொடங்காமல், சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

எனக்கு 8 இருக்கு, ஆனா எந்த வலியும் இல்லை. மாத்திரை போடணுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். பல ஆண்டுகள் ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், 7-க்கும் 9-க்கும் இடையே இருந்தவர்களில் ஆண்டுக்கு 200 பேரில் ஒருவருக்குத்தான் கவுட் (மூட்டில் யூரேட் படிகம் படிந்து வரும் வீக்கமும் வலியும்) வந்தது. 9-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் அது 20 பேரில் ஒருவர். அறிகுறி இல்லாதவருக்கு வாழ்நாள் மாத்திரை தருவதில் கிடைக்கும் நன்மை, மருந்தின் பக்கவிளைவுக்கு முன் சிறிதாகிவிடுகிறது. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதலும் இந்நிலையில் மருந்தைப் பரிந்துரைக்கவில்லை.

அந்த எண்ணை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், இடுப்புச் சுற்றளவு எல்லாவற்றையும் பாருங்கள். வேறு எந்த மருந்தாவது ஏற்றுகிறதா என்றும் பாருங்கள். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. யூரிக் அமிலக் கல் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப்போகிறவர்கள், கவுட் தாக்குதல் வந்தவர்கள் ஆகியோருக்கு இந்தப் பதில் பொருந்தாது.

குதிகால் வலி, முழங்கால் வலி எல்லாமே யூரிக் ஆசிட்தானாமே?

இல்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் அது பெரும்பாலும் பாதத்தின் அடியிலுள்ள தசைநார்ப் பட்டையின் வலி. மாடிப்படி ஏறும்போது மெல்ல மெல்லக் கூடும் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். அந்த நேரத்தில் ரத்தத்தில் 7.3 இருந்தால் பழி யூரிக் அமிலத்தின் மேல் விழுந்துவிடுகிறது.

கவுட் வரும் விதமே வேறு. நள்ளிரவில் அல்லது விடியற்காலையில் திடீரென்று ஒரே மூட்டில், பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில், தீயாய் எரியும். 24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். தோல் சிவந்து பளபளக்கும். போர்வை உரசினால்கூடத் தாங்காது. மருந்தில்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஏன் பெருவிரல் என்றால், இதயத்திலிருந்து தொலைவிலுள்ள அந்த மூட்டு உடலின் மற்ற பகுதியைவிடக் குளிர்ந்தது. மேலே சொன்ன 6.8 என்ற எல்லை 37 டிகிரிக்கானது; வெப்பம் குறையக் குறைய அந்த எல்லையும் இறங்கும். ஊசி போன்ற படிகங்களை வெள்ளையணுக்கள் விழுங்கி, எதிரி என்று எண்ணி எச்சரிக்கை விடுக்கின்றன. வலியும் வீக்கமும் அந்த எச்சரிக்கையின் விளைவு.

உறுதி செய்ய மூட்டு நீரை ஊசியால் எடுத்து, முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த முறை 1961 முதல் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு மூட்டு சிவந்து வீங்கியதோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று சில நாள்களிலேயே மூட்டை அரித்துவிடும்.

வலி உச்சத்துல இருந்தப்ப டெஸ்ட் எடுத்தேன், 5.9தான். அப்ப கவுட் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. தாக்குதலின்போது அழற்சியால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக யூரிக் அமிலத்தை வெளியேற்றும். ரத்த அளவு இறங்கிக் காட்டும். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பாருங்கள்.

பருப்பு, கீரை, காலிஃபிளவர், காளான் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்களே?

நிறுத்த வேண்டியதில்லை. இவற்றில் பியூரின் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து, 2004-இல் வெளியான ஆய்வு, இறைச்சியும் கடலுணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கவுட் கூடியதையும், பியூரின் உள்ள காய்கறிகளால் கூடவில்லை என்பதையும் காட்டியது. பால், தயிர் உண்டவர்களுக்குக் குறைந்தது. சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு ஒரு சிறு கைப்பிடிதான். சைவருக்கு அதை நிறுத்தினால் புரதம்தான் போகும். தக்காளியில் பியூரின் மிகக் குறைவு.

குறைக்க வேண்டியவை வேறு: ஈரல், சுவரொட்டி, சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி, கருவாடு, இறால், அளவுக்கு மிஞ்சிய ஆட்டுக்கறி. பியூரின் தண்ணீரில் இறங்கும் என்பதால் கறியை வேகவைத்த நீரில் அது சேர்ந்திருக்கும். கறியைத் தவிர்த்துவிட்டு மட்டன் சூப் மட்டும் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொழுப்பு குறைந்த தயிர், மோர், சர்க்கரை போடாத காபி இவை நல்ல பக்கம்.

எவ்வளவு கவனமாகச் சாப்பிட்டாலும் உணவால் மட்டும் இறங்குவது பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவே. 7.2 இருப்பவருக்கு அது போதும். 9.5 இருந்து கவுட்டும் வந்தவருக்குப் போதாது. அவரைப் பத்தியத்திலேயே இருத்தி வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

நான் குடிக்கிறது பழ ஜூஸ்தான். அதுல பியூரினே இல்லையே?

பியூரின் இல்லை, ஃபிரக்டோஸ் இருக்கிறது. குளுக்கோஸை உடைக்கும் பாதையில் ஆற்றல் போதும் என்றால் நிறுத்தும் தடை உண்டு. ஃபிரக்டோஸ் கல்லீரலில் நுழையும் வாசலில் அந்தத் தடை இல்லை. வந்த ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பாஸ்பேட்டை ஒட்ட, செல் ஏ.டி.பி.யைச் செலவழித்துக்கொண்டே போகும். ஏ.டி.பி. தேய்ந்து ஏ.எம்.பி. ஆகிக் குவியும். பாஸ்பேட் இல்லாமல் அதை மறுபடி ஏ.டி.பி.யாக்க முடியாததால், அது ஹைப்போசாந்தின் வழியே யூரிக் அமிலமாகிவிடும். இனிப்புப் பானம் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்த அளவு ஏறுவதைப் பார்க்க முடியும்.

சீனியில் பாதி ஃபிரக்டோஸ். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் இதில் விதிவிலக்கல்ல. தேனிலும் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதுதான். முழுப் பழத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஒரு சாத்துக்குடியைச் சுளையாகத் தின்பதும், நாலைப் பிழிந்து சீனி போட்டு ஒரே மூச்சில் குடிப்பதும் கல்லீரலுக்கு ஒன்றல்ல.

பீர்தானே கெடுதல்? ஹாட் குடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?

பீரில் ஈஸ்ட்டிலிருந்து வரும் பியூரினும் சேர்ந்திருப்பதால் அது முதலிடத்தில் நிற்கிறது. ஆனால் எந்தச் சாராயமும் இரண்டு வழியில் ஏற்றும். அதை உடைக்கும்போது முந்தைய பதிலில் சொன்னது போலவே ஏ.டி.பி. செலவாகும். கூடவே லாக்டேட் கூடும். யூராட்-1 அந்த லாக்டேட்டைச் சிறுநீருக்குள் விட்டு, பதிலுக்கு யூரிக் அமிலத்தை ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும். பிராந்தி, விஸ்கியும் கவுட்டைத் தூண்டும்.

கடுமையா விரதம் இருந்து வேகமா எடை குறைச்சா இறங்கிடுமா?

முதலில் ஏறும். பட்டினியில் கொழுப்பு உருகி கீட்டோன் பொருள்கள் உண்டாகும். அவையும் லாக்டேட்டைப் போலவே யூராட்-1 வழியே மாற்றுப்பொருளாக வேலை செய்யும். கீட்டோ உணவு தொடங்கிய வாரங்களில் சிலருக்குக் கவுட் தாக்குவது இதனால்தான். மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோ என்று மெல்லக் குறைத்தால் பலன் கிடைக்கும். இன்சுலின் சீராகும்போது மடையும் திறக்கும்.

தண்ணி நிறையக் குடிச்சு, எலுமிச்சையும் சோடா உப்பும் சேர்த்தா கரைஞ்சு போயிடுமாமே?

மூட்டில் படிந்தது கரையாது. ரத்தத்தின் கார அமில நிலையை உடல் 7.4-ஐ ஒட்டியே பிடித்து வைத்திருக்கும்; எலுமிச்சையால் அதை அசைக்க முடியாது. ஆனால் சிறுநீரின் பி.எச். மாறும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சிறுநீரின் பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலம் கரையாத வடிவுக்குப் போய்க் கல்லாகும். 6.5-ஐ ஒட்டி வைத்தால் பல மடங்கு கூடுதலாகக் கரையும். சிறுநீரகக் கற்களில் மருந்தாலேயே கரைத்துவிடக்கூடிய முக்கிய வகை இது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனிலோ சி.டி.யிலோ தெரியும். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து, சிறுநீரைச் சோதனைத் தாளில் பார்த்து 6.0-க்கும் 6.5-க்கும் இடையில் நிறுத்துவார்கள். 7-ஐத் தாண்டவிட்டால் கால்சியம் பாஸ்பேட் கல் என்ற வேறு தொல்லை வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, சிறுநீர் நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வரும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவருக்கு அதற்கு நாலு லிட்டர்கூடத் தேவைப்படலாம். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது. சோடா உப்பில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தக்காரர்கள் தாமாக எடுக்க வேண்டாம்.

வேற நோய்க்குச் சாப்பிடற மாத்திரையால ஏறுமா?

ஏறும். காசநோய்ச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் தரப்படும் பைரசினமைடு இதில் முதன்மையானது. அது சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தைத் திரும்ப இழுக்கவைக்கிறது. பலருக்கு அளவு ஏறும், சிலருக்கு மூட்டு வலிக்கும். இதற்காகக் காசநோய் மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. மருத்துவரிடம் சொன்னால் வலிக்கு மருந்து தருவார். அந்த இரண்டு மாதம் முடிந்ததும் எண் தானே இறங்கும்.

தையசைடு, ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரைகளும், தினசரி 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் ஏற்றும். இதயத்துக்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினை இதற்காக விடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையை மாற்றலாம் என்றால் லோசார்டான் நல்ல தேர்வு. அது யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் இறக்கும்.

அலோபியூரினால், ஃபெபுக்ஸோஸ்டாட் ரெண்டும் என்ன செய்யுது? எது நல்லது?

முதல் கேள்வியில் சொன்ன சாந்தின் ஆக்ஸிடேஸை இரண்டுமே மறிக்கின்றன. யூரிக் அமிலத்துக்குப் பதிலாக ஹைப்போசாந்தினும் சாந்தினும் வெளியேறும். அலோபியூரினாலை உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். 1966 முதல் கவுட்டுக்குத் தரப்படுகிறது. பெரும்பாலோருக்கு முதலில் இதுவே. நாளுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போய், ரத்த அளவு 6-க்குக் கீழே வரும்வரை ஏற்ற வேண்டும். 100-லேயே நிறுத்திவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அலோபியூரினால் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரிதென்றாலும் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை அது. நோய் எதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின் என்ற மருந்தை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அதைச் செயலிழக்கச் செய்யும் வழிகளில் ஒன்று இதே நொதி என்பதால், மறித்தால் அது உடலில் குவிந்து எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும். ஃபெபுக்ஸோஸ்டாட் 40 அல்லது 80 மில்லிகிராம். இதய நோயாளிகளிடம் இதனால் இறப்பு கூடுவதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்து, 2019-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2020-இல் வந்த இன்னோர் ஆய்வு அப்படிக் காணவில்லை. மாரடைப்பு வந்தவர்கள் இதை மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே மறுபடி வலி. எனக்கு ஒத்துக்கலையா?

மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அது. ரத்த அளவு இறங்கும்போது மூட்டில் படிந்திருந்த படிகப் பாறை கரைந்து, துணுக்குகள் உதிரும். அவற்றை வெள்ளையணுக்கள் மறுபடி தாக்கும். இதைத் தடுக்கவே முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் கால்ச்சிசின் 0.5 மில்லிகிராம் நாளுக்கு ஒன்றோ இரண்டோ கூடச் சேர்த்துத் தருவார்கள். அலோபியூரினாலை நிறுத்தாதீர்கள். நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் இதே வலியை முதலிலிருந்து அனுபவிக்க வேண்டும்.

வலியே இல்லை, எண்ணும் 5.5 ஆயிடுச்சு. இப்ப நிறுத்தலாமா?

எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் குறுகிய மடை மறுபடி குறுகியதுதான். சில வாரத்தில் ஏரி நிரம்பும். வலி உடனே வராது, மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றும். காது மடலிலும் விரல் மூட்டிலும் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளை முடிச்சுகள் உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழேயே சில ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பொறுமையாக இருந்தால் அந்த முடிச்சுகள் கரைந்தே போகும்.

கண்வலிக்கிழங்குல கவுட் மருந்து இருக்காமே. அரைச்சுச் சாப்பிடலாமா?

கூடவே கூடாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் இருப்பது உண்மை. திண்டுக்கல், திருப்பூர் பக்கம் வயலில் பந்தல் போட்டு வளர்த்து, விதையை மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். ஆனால் மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. மாத்திரையில் அரை மில்லிகிராம் அளந்து இருக்கிறது. கிழங்கில் எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும்.

நஞ்சேறினால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும், அடுத்த நாள்களில் ரத்த அணு உற்பத்தி நின்று, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரையாக எடுப்பவர்களும் கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளோடு சேர்த்து எடுத்தால் இதே ஆபத்து.

பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு சொல்றாங்களே?

மாதவிடாய் நிற்கும்வரை அரிது. ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. நின்றபின் அந்தக் காப்பு போய்விடும்; நீர் மாத்திரை எடுக்கும் மூத்த பெண்களுக்குக் கைவிரல் மூட்டிலேயே தொடங்கலாம். கர்ப்பத்தின் முற்பகுதியில் அளவு இயல்பைவிட இறங்கும். பிற்பகுதியில் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து ஏறினால் முன்சூல்வலிப்பு என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

பிறந்து மூணு நாள் ஆன குழந்தையோட துணியில செங்கல் பொடி மாதிரி கறை. ரத்தமா?

பெரும்பாலும் யூரேட் படிகம். முதல் சில நாள்களில் பால் குறைவாகக் கிடைப்பதால் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும், அதில் படிந்தது. பால் நன்றாக இறங்கியதும் நின்றுவிடும். ஐந்து நாளுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, குழந்தை சோர்ந்து துணியை நனைப்பது குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு 1.2தான் இருக்கு. குறைவா இருந்தா நல்லதுதானே?

2-க்குக் கீழே இருந்தால் காரணம் தேட வேண்டும். மாத்திரை அளவு மிஞ்சியிருக்கலாம். சில சர்க்கரை மாத்திரைகளும் இறக்கும், ஆனால் இவ்வளவு இறக்காது. பிறவியிலேயே யூராட்-1 வேலை செய்யாதவர்களுக்குச் சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு திரும்ப இழுக்காது. இவர்களில் சிலருக்கு வேகமாக ஓடியபின் முதுகு வலித்து, சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் நிலை வருகிறது.

அஞ்சு வயசுப் பையனுக்கு 10 இருக்கு. சாப்பாட்டைக் குறைக்கணுமா?

சாப்பாட்டை விடுங்கள். இந்த வயதில் இவ்வளவு ஏறினால் சிறுநீரக நோயோ, ரத்தப் புற்றோ, பிறவி நொதிக் குறைபாடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பதிலில், பியூரினைப் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறது என்றோமே, அதைச் செய்யும் எச்.ஜி.பி.ஆர்.டி. என்ற நொதி இல்லாமல் பிறப்பதுதான் 1964-இல் விவரிக்கப்பட்ட லெஷ்–நைஹான் நோய். மறுசுழற்சி நின்றுபோவதால் எல்லாமே யூரிக் அமிலமாகக் கொட்டும். உடல் முறுக்கம், தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துக்கொள்ளுதல் ஆகியவை அதன் அடையாளம். அலோபியூரினால் கல்லைத் தடுக்கும். மூளை சார்ந்த அறிகுறிகளை மாற்றாது.

அப்பாவுக்கு கீமோ ஆரம்பிச்ச மறுநாளே 6-லருந்து 14 ஆயிடுச்சு. எப்படி?

ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று போன்றவற்றில் மருந்து பட்டதும் கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடையும். அவற்றின் டி.என்.ஏ.யிலுள்ள பியூரின் குறுகிய நேரத்தில் யூரிக் அமிலமாகி, சிறுநீரகக் குழாய்களில் படிந்து அடைக்கும். கூடவே பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஏறும். அதனால்தான் சிகிச்சைக்கு முன்பே நிறைய நீர் ஏற்றி, அலோபியூரினால் தருகிறார்கள். அபாயம் அதிகம் என்றால் ராஸ்புரிகேஸ் என்ற ஊசி. நம் முன்னோர் இழந்த அந்த யூரிகேஸ் நொதியேதான் அது. சில மணி நேரத்தில் எண்ணை அடிமட்டத்துக்குக் கொண்டுவரும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி.டி. என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் போடக் கூடாது, சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

ஊசி போட்டபின் எடுக்கும் ரத்தத்தைக் குளிர்ந்த குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்தே உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறை வெப்பத்தில் விட்டால் குழாய்க்குள்ளேயே நொதி யூரிக் அமிலத்தைத் தின்றுகொண்டிருக்கும். உடலில் 7 இருக்க, தாளில் 2 என்று வரும்.